1983: ஜூலைக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன் நான். முதுகலை வரலாறு முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1983-ஆம் ஆண்டின் இலங்கை நிகழ்வுகளை மாதவாரியாக வரிசைப்படுத்தி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் தமிழர்களுக்கு எதிரான ஜூலை கலவரத்தைவிட அதற்கு முந்தைய மாதங்களுக்கே அதிக இடம் கொடுத்திருந்தீர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருநெல்வேலியில் 13 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். செய்தி கேட்டுக் கொழும்பில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். கூட்டத்துக்கு வெறி பிடித்தால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டத்திலேயே 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பக்கம் பார்த்தோம். ஒரு சாவு, ஒரு கூட்டம், ஒரே மாலையில் மூன்று தலித் காலனிகள் சாம்பல். அதற்கு முன் ஏழு மாத வரலாறு என்ன இருக்கிறது? ஜூலை 83-ஐத் திட்டமிட்டது என்று சொல்வது மிகையாகாதா? அந்த 13 பேர் சாகாமல் இருந்திருந்தால் உள்நாட்டுப் போரே வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பதில் எழுதுவதற்கு முன் ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டியிருந்ததால் தாமதமாயிற்று. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை மட்டும் இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்: நீங்கள் குறிப்பிடும் திருநெல்வேலி நம்முடைய தாமிரபரணிக் கரை ஊர் அன்று. யாழ்ப்பாண நகரை ஒட்டியிருக்கும் ஊர் அது. அங்குள்ளவர்கள் பேச்சில் தின்னவேலி.

1983-ஐ ஜனவரியிலிருந்து தொடங்குவதுகூடத் தாமதம்தான் என்பது என் எண்ணம். 1982 டிசம்பர் 22-ஆம் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். அன்று இலங்கையில் ஒரு கருத்து வாக்கெடுப்பு நடந்தது. 1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலேயே இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாமா என்பதுதான் கேள்வி. நீட்டிக்கலாம் என்பவர்களுக்கு விளக்குச் சின்னம், கூடாது என்பவர்களுக்குக் குடம். 54.66 விழுக்காட்டு வாக்குகளுடன் விளக்கு வென்றது. அந்தப் பழைய மன்றத்தில் 168 இடங்களில் 140 இடங்கள் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சியிடம் இருந்தன. அரசியலமைப்பை நினைத்த போதெல்லாம் திருத்துவதற்குப் போதுமான அந்தப் பெரும்பான்மையை மறுபடியும் தேர்தலில் வைத்து இழக்க அவர் விரும்பவில்லை. அந்தத் தேர்தல் நடந்திருந்தால் தமிழர்கள் எதையாவது பெற்றிருப்பார்களா என்பது வேறு விஷயம். விலைவாசியின் மீதும் ஆட்சியின் மீதும் கோபம் கொண்டிருந்த சிங்கள வாக்காளருக்கும் அந்தக் கோபத்தைக் கொட்டுவதற்கு இருந்த ஒரே சட்டபூர்வமான இடம் அன்றே அடைக்கப்பட்டது. இதை நான் ஜூலைக்கு அடிக்குறிப்பாகக் கருதவில்லை.

ஏப்ரலில் காந்தியம் அமைப்பின் தலைவர்களான எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டார்கள். 1977 கலவரத்தில் அடித்து விரட்டப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்தி, கிணறு வெட்டி, பால்வாடி நடத்திக் கொடுத்த அமைப்பு அது. அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு நின்ற ஆளுங்கட்சி வேட்பாளர்களைப் புலிகள் சுட்டார்கள். தேர்தலைப் புறக்கணிக்கும்படி கட்டளையும் போட்டார்கள். இதைச் சொல்லாமல் அரசின் குற்றங்களை மட்டும் அடுக்கினால் கணக்கு பாதிதான் வரும். வேட்பாளராக நிற்பதே உயிருக்கு ஆபத்து என்று ஆக்கியதில் துப்பாக்கி எடுத்த தமிழ் இளைஞர்களுக்கும் பங்கு உண்டு. மே 18-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தபோது யாழ்ப்பாணத்து வாக்குச் சாவடிகள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தன. கந்தர்மடத்தில் காவலுக்கு நின்ற ஒரு ராணுவ வீரர் அன்று மாலை கொல்லப்பட்டார். அதன் பிறகு ராணுவம் அந்தப் பகுதியில் புகுந்து வீடுகளையும் வாகனங்களையும் கொளுத்தியது. அன்றே அவசரநிலையும் வந்தது.

நான் அதிக இடம் கொடுத்ததாக நீங்கள் சொல்லும் பகுதி, ஜூன் 3-ஆம் தேதியைப் பற்றியது என்று நினைக்கிறேன். அன்று அவசரநிலை விதிகளில் 15ஏ என்ற ஒன்று சேர்க்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலோடு, மரண விசாரணை இல்லாமலேயே ஒரு உடலைப் புதைக்கவோ எரிக்கவோ காவல்துறைக்கு அது அதிகாரம் கொடுத்தது. இதன் பொருள் உங்களுக்கு எளிதில் விளங்கும். நம் பக்கத்தில் ஒரு பாழுங்கிணற்றில் பெயர் தெரியாத பிணம் மிதந்தால்கூடக் கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் வந்து பஞ்சாயத்தார் முன்னிலையில் காயம் எங்கெங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். பிறகு உடல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தத் தாள்கள் பல நேரங்களில் பொய்யாக எழுதப்படுகின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை சுடுகிறவனின் கையில் ஒரு சிறு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை எடுத்துவிட்டேன் என்று ஒரு அரசு கெஜட்டில் அச்சிட்டு வெளியிட்ட நாள் ஜூன் 3. அப்போது தின்னவேலியில் யாரும் கண்ணிவெடி வைத்திருக்கவில்லை. அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

ஜூலை தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த சாட்டர்டே ரிவ்யூ என்ற வார இதழுக்கு முத்திரை வைத்துப் பூட்டினார்கள். ஜூலை 11 அன்று லண்டன் டெய்லி டெலிகிராப் நாளிதழில் ஜெயவர்த்தனாவின் பேட்டி வெளிவந்தது. யாழ்ப்பாண மக்களின் கருத்தைப் பற்றி இப்போது தமக்குக் கவலை இல்லை, அவர்களுடைய உயிரைப் பற்றியோ தம்மைக் குறித்த அவர்கள் எண்ணத்தைப் பற்றியோ நினைக்க இயலாது என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். ஒரு நாட்டின் குடியரசுத் தலைவர் தம் குடிமக்களில் ஒரு பகுதியினரைப் பற்றி, வெளிநாட்டுப் பத்திரிகையாளரிடம் இப்படிச் சொல்கிறார். சொல்லிப் பன்னிரண்டே நாட்கள் கழித்து வருகிறது நீங்கள் கேட்கும் ஜூலை 23.

அன்று சனிக்கிழமை. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் தின்னவேலியில் புலிகள் கண்ணிவெடி வைத்து ராணுவ ரோந்தைத் தாக்கினார்கள்; வண்டிகளில் வந்த 15 பேரில் 13 பேர் இறந்தார்கள். அதே நாளில் அமிர்தலிங்கமும், நாடாளுமன்றத்தில் இருந்த தமிழ்க் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியின் மற்றத் தலைவர்களும் மன்னாரில் மாநாட்டில் இருந்தார்கள். மக்களிடம் ஆறு ஆண்டுக்கு வாங்கிய பதவியை, நீட்டிக்கப்பட்ட மன்றத்தில் எப்படித் தொடர்வது என்பதுதான் அங்கே முக்கியப் பேச்சு. மறுநாள் யாழ்ப்பாணத்தில் ராணுவத்தினர் பழிவாங்கப் புறப்பட்டு ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தி தணிக்கையைத் தாண்டித் தெற்கே போகவில்லை. 13 பேரின் செய்தி மட்டும் போயிற்று. அவர்களின் உடல்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பாமல், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொழும்பு பொரளையில் உள்ள கனத்தை மயானத்தில் அடக்கம் செய்வது என்று முடிவாயிற்று. ஞாயிறு மாலை முழுவதும் கூட்டம் அங்கே காத்திருந்தது. உடல்கள் வரவே இல்லை. பொரளையில் முதல் கடைகள் எரிந்தது அன்றிரவுதான்.

அந்த இரவு மயானத்தில் நின்றவர்களில் பலருக்கு உண்மையான துக்கமும் கோபமும் இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். உங்கள் வாதம் அந்த இரவுக்குப் பொருந்தும். அடுத்த நாட்களுக்குப் பொருந்தவில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து கொழும்பு எரிந்தது. ஊரடங்கு பிற்பகலில்தான் அறிவிக்கப்பட்டது, அறிவித்த பிறகும் தெருவில் நின்ற காவலர்களும் படையினரும் பல இடங்களில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாகத் தப்பிப் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அன்றே கொழும்பு வெலிக்கடைச் சிறையில், ஆயுதக் குழுவினரான குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகியோர் உள்ளிட்ட 35 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். சரி, ஒரு நாள் வெறி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இடைவெளி விட்டு, 27-ஆம் தேதி, அதே சிறையில் இன்னும் 18 பேர் கொல்லப்பட்டார்களே, அதை என்னவென்று சொல்வது? மயானத்தில் நின்ற கூட்டம் பூட்டிய சிறைக்குள் வர முடியாது. கைதிகளின் அறைக்கதவுகளைத் திறப்பதற்குச் சாவி வேண்டும். இரண்டாம் முறை இறந்தவர்களில் காந்தியம் ராஜசுந்தரமும் ஒருவர்.

பன்னாட்டுச் சட்ட வல்லுநர் ஆணையத்துக்காகப் பால் சீகார்ட் என்ற வழக்கறிஞர் 1984-இல் அறிக்கை தந்தார். இது தன்னெழுச்சியான இனவெறுப்பின் வெடிப்பு அன்று, முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டத்தின்படி நடத்தப்பட்ட செயல்களின் தொடர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். திட்டத்தின் உச்சியில் யார் இருந்தார் என்பதைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு; திட்டமே இல்லை என்று வாதிடுவது கடினம். இன்னொன்றையும் பாருங்கள்: 1977 கலவரத்துக்கு முன்னாள் தலைமை நீதிபதி சன்சோனி தலைமையில் ஆணையம் அமைத்த அதே ஜெயவர்த்தனா அரசு, அதைவிடப் பல மடங்கு பெரிய 1983-க்கு ஆணையம் எதையும் அமைக்கவில்லை. அதற்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன நானூறு சொச்சத்துக்கும் மற்றவர்கள் சொல்லும் 3,000-க்கும் இடையில் இன்றுவரை ஒரு பள்ளம் கிடப்பதற்கு அதுவும் காரணம்.

நான் பார்த்துப் பேசியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஊத்தங்கரைக்கு அருகே பாம்பாறு அணையை ஒட்டி இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கிறார். பெயின்ட் அடிக்கும் வேலை செய்துவந்தார், இப்போது முட்டிவலியால் ஏணி ஏறுவதில்லை. அவருடைய தாத்தா பழைய சேலம் மாவட்டத்தில் அரூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இவர் 1983-இல் பதுளை நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாளாக இருந்தார். பதுளை எரிந்தது 27-ஆம் தேதி, புதன்கிழமை. தின்னவேலியில் குண்டு வெடித்து நான்காவது நாள். கடை முதலாளி தமிழர், கட்டடத்தின் சொந்தக்காரர் சிங்களவர்.

“ஒருத்தன் கையில பேப்பர் வச்சிருந்தான். போர்டையும் பேப்பரையும் மாத்தி மாத்திப் பாத்தான். அப்புறம் எங்களோட கட்டடத்துக்காரர் வந்து என்னமோ சொன்னாரு. உடனே சாமானையெல்லாம் வெளிய இழுத்து ரோட்ல போட ஆரம்பிச்சிட்டாங்க. சேலைக்கட்டு, வேட்டிக்கட்டு, கல்லாப்பெட்டி, நான் படுக்கிற பாய் முதக்கொண்டு. அதுக்கப்புறம்தான் கொளுத்துனாங்க. கட்டடத்துக்கு ஒண்ணும் ஆவல.”

இதை அவர் எந்த ஆவேசமும் இல்லாமல், விலை சொல்வதுபோலச் சொன்னார். கொளுத்த வந்தவன், சுவர் யாருடையது, துணி யாருடையது என்று பிரித்துப் பார்த்து, சுவருக்குச் சேதம் வராமல் துணியை மட்டும் எரித்திருக்கிறான். இதேபோன்ற காட்சியைக் கொழும்பிலும் வேறு நகரங்களிலும் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றிரவு தம்மை வீட்டில் ஒளித்துவைத்துச் சோறு போட்டதும் ஒரு சிங்களக் குடும்பம்தான் என்பதையும் அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது.

நீங்கள் எடுத்த நாய்க்கன்கொட்டாய் உதாரணத்துக்கு வருகிறேன். 2012 நவம்பர் 7-ஆம் தேதியும் 1983 ஜூலையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அளவும் வேறு, அரசின் பங்கும் வேறு. ஆனால் கூட்ட வெறிக்கு அதை உதாரணம் காட்டுகிறீர்களே, அங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதற்கு முன் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுப் போலீஸ் வண்டியும் தீயணைப்பு வண்டியும் வராமல் தடுத்தார்கள். பீரோக்களை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் தீ வைத்தார்கள். அழுதுகொண்டு ஓடிவரும் கூட்டத்தின் கையில் மரம் அறுக்கும் ரம்பம் இருக்காது. உங்கள் உதாரணம் உங்களுக்குச் சாட்சி சொல்லவில்லை.

ஜூலைக்குப் பிந்தைய ஐந்து மாதங்களை என் கட்டுரையில் சுருக்கமாக முடித்துவிட்டேன். அது என் தவறு. 28-ஆம் தேதி ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் தோன்றினார். செத்தவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை அந்த உரையில் இல்லை. சிங்கள மக்களின் உணர்ச்சிக்கு ஈடுகொடுக்கச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றித்தான் பேச்சு இருந்தது. 30-ஆம் தேதி, பழியை இடதுசாரிகள் மீது போட்டு, மக்கள் விடுதலை முன்னணியையும் கம்யூனிஸ்டுக் கட்சியையும் நவ சமசமாஜக் கட்சியையும் தடை செய்தார். அப்படித் தலைமறைவுக்குத் தள்ளப்பட்ட மக்கள் விடுதலை முன்னணி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் தெற்கே ஒரு தனிக் கிளர்ச்சியை நடத்தியது; அதிலும் அதை ஒடுக்கியதிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் மாண்டார்கள். நம் ஊர் மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை அமைதியான வழியில் கேட்பதும் குற்றம் என்றும், நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரிவினைக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. 1977-இல் தனிநாட்டுக் கோரிக்கையை வைத்தே வாக்கு வாங்கிய கூட்டணி உறுப்பினர்களால் அந்த உறுதிமொழியை எடுக்க முடியவில்லை, இடங்களை இழந்தார்கள். அந்த மன்றத்தின் ஆறு ஆண்டுக் காலம் இயல்பாக முடிந்திருக்க வேண்டிய வாரமும் அதுவே. விளக்குச் சின்னத்தால் உயிர் நீட்டிக்கப்பட்ட மன்றம், தன் நீட்டிப்பின் தொடக்கத்திலேயே தமிழ் உறுப்பினர்களை வெளியே தள்ளிவிட்டது. 1982 டிசம்பரிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பேசிப் பார்ப்போம் என்று சொன்ன அமிர்தலிங்கம் போன்றவர்களுக்கு இனிப் பேசுவதற்கான அவை இல்லை. செப்டம்பர் 23-ஆம் தேதி மட்டக்களப்புச் சிறையை உடைத்துக்கொண்டு தமிழ்க் கைதிகள் வெளியேறியபோது, அவர்களோடு காந்தியம் டேவிட்டும் வெளியே வந்தார். கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான கட்டடக்கலைஞர் சிறையுடைப்புக்குப் பின் தப்பியோடும் நிலைக்கு வர, ஏப்ரலிலிருந்து ஐந்தே மாதங்கள் போதுமாக இருந்தன.

அந்த ஆண்டு எனக்குப் பத்தாம் வகுப்பு. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்டம். ஆகஸ்ட் 2-ஆம் தேதி தமிழகம் முழுவதும் கடையடைப்பு. மாங்காய் மண்டியில்கூட ஒரு வண்டி நிற்காததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு முந்தைய வாரம் முடிவெட்டப் போயிருந்தேன். காலையிலிருந்து இரவுவரை இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டு வைத்துக்கொண்டிருக்கும் சலூன் அது. அன்று ரேடியோ பேசாமல் இருந்தது. வைக்கச் சொன்ன ஒருவரிடம், “இன்னிக்கி அந்த ஸ்டேஷன் வேணாம், விடுப்பா” என்றார் கடைக்காரர். கொழும்பு என்றால் பாட்டு வரும் ஊர் என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அது ஆட்கள் வாழும் ஊர் என்று உறைத்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்வி: 13 பேர் சாகாமல் இருந்திருந்தால்? கொழும்பு அந்த வாரம் எரிந்திருக்காது என்று சொல்லலாம். போர் வந்திருக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஜூலை 22-ஆம் தேதியில் நின்றுகொண்டு பாருங்கள். பொதுத் தேர்தல் இல்லை, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க ஆளில்லை, பத்திரிகைக்குப் பூட்டு, அவசரநிலை, விசாரணையில்லாமல் பிணத்தை எரிக்க விதி. இவற்றில் எதுவும் கண்ணிவெடியால் வந்ததில்லை. மறுபக்கம், ஜூலைக்கு முன் சில பத்துப் பேராக இருந்த ஆயுதக் குழுக்களில் ஜூலைக்குப் பின் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஆகவே ஜூலை போரைப் பெரிதாக்கியது, விரைவாக்கியது. டிசம்பரில் இந்திராவின் தூதர் ஜி. பார்த்தசாரதியின் முயற்சியில், மாகாண அளவில் அதிகாரப் பகிர்வுக்கு ‘இணைப்பு சி’ என்ற பெயரில் ஒரு வரைவு உருவாயிற்று. ஓராண்டுக்கு முன்பு வந்திருந்தால் அமிர்தலிங்கத்தால் அதை யாழ்ப்பாணத்தில் விற்றிருக்க முடியும். டிசம்பரில் அவர் பேச்சை அங்கே கேட்க ஆள் குறைந்துபோயிருந்தது. தெற்கே ஜெயவர்த்தனாவாலும் அதைத் தம் கட்சிக்காரர்களிடம் விற்க முடியவில்லை. 1984 ஜனவரியில் அனைத்துக் கட்சி மாநாடு கூடியது. ஆண்டு முழுவதும் இழுத்து ஒன்றுமில்லாமல் முடிந்தது.

1983 ஜூலைக்கும் 1987-க்கும் இடையில் தமிழகத்துக்கு வந்த ஈழ அகதிகள் 1,34,053 பேர். பதுளை ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அவர் 1984-இல் மண்டபத்தில் வந்து இறங்கி, பிறகு பாம்பாற்றுக்கு அனுப்பப்பட்டார்; தாத்தா கிளம்பிய ஊருக்கு ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவு. பட்டியல் வைத்துக்கொண்டு வந்தவன் உங்கள் பெயரைக் கூப்பிட்டானா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் லட்சக்கணக்கானோரைப் போலவே அவருக்கும் இலங்கையில் குடியுரிமை கிடையாது. ஆகவே வாக்கும் கிடையாது. “என் பேரு அந்த லிஸ்ட்லயே இல்லீங்களே. மொதலாளி பேரு இருந்துச்சு, என் பாய் எரிஞ்சுது.” முகாமில் இப்போது அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. மாதாமாதம் ஆள் சரிபார்க்கும் நாளைச் செக்கிங் என்கிறார்கள். அன்று வேலைக்குப் போகாமல் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அடுத்த செக்கிங் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் வருவதானால் முன்னதாக எழுதுங்கள்; ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறேன்.

அன்புடன்.